கலிங்கில் கட்டிய மீன்வலை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவைச் சுற்றியுள்ள புறநகர்களில் ‘ஏரிக்கரை வீடு விற்பனைக்கு’ என்று விளம்பரம் வந்தால், அந்த ஏரி தானாக உண்டானதல்ல என்று தயங்காமல் சொல்லிவிடலாம். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஓர் ஓடையின் குறுக்கே மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பியிருப்பார்கள். முதலில் அது மாடுகளுக்கான பண்ணைக் குட்டை. பண்ணையை மனைகளாகப் பிரித்து விற்கும்போது படகுத்துறையும் மீன்பிடிப்பும் சேர்ந்து ஏரியாகிவிடும். மனை விற்றவர் கணக்கை முடித்துக்கொண்டு போய்விடுவார். அணை குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பில் வந்து சேரும். இப்படிப்பட்ட சங்கங்களுக்கும் தனி உடைமையாளர்களுக்கும் அணையைப் பார்வையிட்டு அறிக்கை தருவதுதான் என் வேலை.

சிறிய தனியார் அணைகள் அலட்சியத்தால் கெடுகின்றன என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் பார்த்த வரையில் பாதிக் கேடு ஆசையால் வருகிறது. ஏரியை நேசிக்கிறவர்கள் அதை இன்னும் அழகாக்கவும் வசதியாக்கவும் செய்கிற காரியங்களே கரையைப் பலவீனப்படுத்துகின்றன. நிழலுக்கு மரம், நடப்பதற்குக் கரைமேல் பாதை, எப்போதும் விளிம்பு வரை நீர், தப்பிப் போகாத மீன். கேட்பதற்கு எவ்வளவு நியாயமான விருப்பங்கள்!

மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். நீர்க்களையைத் தின்பதற்காகப் புல்கெண்டை மீன்களை விலைக்கு வாங்கி ஏரியில் விடுவார்கள். பெருமழையில் அவை உபரிநீர் வழிந்தோடும் கலிங்கு வழியாக ஓடைக்குப் போய்விடக் கூடாதே என்று குறுக்கே கம்பி வலை வைப்பார்கள். ஒரு சங்கத்தின் ஏரியில் வலையைச் சட்டத்தோடு வெல்டிங் செய்தே வைத்திருந்தார்கள். முந்தின வாரத்து மழைக்குப் பைன் ஊசிகளும் ஓக் இலைகளும் அடித்து வந்து, தட்டி கட்டியதுபோல் வலையின் முக்கால் பாகத்தை அடைத்திருந்தன. வலைக்கு இப்பால் நீர் ஒரு முழம் ஏறி நின்றது. அப்பால் வழிந்ததோ பாதம் நனையும் அளவுதான்.

வலையை எடுக்கச் சொன்னேன். சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், மிக நல்ல மனிதர். “மீனுக்கு நிறையச் செலவு செய்திருக்கிறோம். இந்தக் கரை ஐம்பது வருடமாக நிற்கிறது” என்றார். மீனை மறுபடியும் வாங்கலாம். மண் கரையின் மேல் நீர் ஏறி வழிந்தால், பின்சரிவில், அதாவது ஏரிக்கு வெளிப்புறச் சரிவில், முதலில் ஒரு சிறு வாய்க்கால் அரிக்கும்; அது படிப்படியாகப் பின்னோக்கித் தின்றுகொண்டே வந்து கரையின் உச்சியை எட்டும். அதன்பிறகு எந்த எந்திரத்தாலும் அதை நிறுத்த முடியாது. அவருக்கு விளக்க நான் எடுத்த உதாரணம் ஜான்ஸ்டவுன்.

பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் அணை முதலில் கால்வாய்ப் போக்குவரத்துக்காக மாநில அரசு கட்டியது. பிறகு அது கார்னகி, ஃப்ரிக் போன்ற செல்வந்தர்கள் உறுப்பினராக இருந்த மீன்பிடி, வேட்டை மன்றத்தின் கைக்குப் போனது. குதிரை வண்டிகள் எதிரெதிரே போகவேண்டும் என்பதற்காகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாமலிருக்கக் கலிங்கில் வலை வைத்தார்கள். அடியில் நீரை வடிக்கும் இரும்புக் குழாய்களை முன்பிருந்தவரே பிடுங்கி விற்றிருந்தார். மன்றம் புதிதாகப் போடவில்லை. 1889 மே 31 அன்று கனமழையில் வலை குப்பையால் அடைபட, கரை உடைந்தது. கீழே ஜான்ஸ்டவுனில் 2,209 பேர் இறந்தார்கள். மன்றத்தின்மீது தொடுத்த வழக்குகள் எதுவும் வெல்லவில்லை. பொழுதுபோக்குக்காக வைத்துக்கொண்ட ஓர் ஏரி செய்த வேலை இது. அதே வலையை இன்றும் நல்லெண்ணத்தோடு கட்டுகிறார்களே என்று ஒவ்வொரு முறையும் மனம் பதறுகிறது.

மரத்தின் கதை வேறு. பின்சரிவில் நிற்கும் பைன் மரம் புயலில் சாய்ந்தால் வேரோடு ஒரு வண்டி மண்ணைப் பெயர்த்துக்கொண்டு விழும். வெட்டிவிட்டாலோ, வேர் உள்ளேயே மக்கி, நீர் நுழையக் குழாய்போல வழி விடும். ஆகவே பெரிய மரத்தைப் பொறியாளரிடம் கேட்காமல் வெட்டக்கூடாது; கன்றாக இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை புல் வெட்டினாலே இந்தச் சிக்கல் வராது. புல் வெட்டிய கரையில்தான் விலங்குகள் தோண்டிய வளைகளும் ஈரத்திட்டுகளும் கண்ணில் படும்.

கரையடியில் கசிவு தென்பட்டால் ஒரு கண்ணாடிச் சீசாவில் அந்த நீரைப் பிடித்துச் சிறிது நேரம் அசையாமல் வைப்பேன். தெளிவாக இருந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். எல்லா மண் கரையும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அடியில் மெல்லிய மண் படிந்தால் கரை உள்ளிருந்து வெளியேறுகிறது என்று பொருள். அன்றே ஏரியின் மட்டத்தைக் குறைக்க வேண்டும். அப்போதுதான் மதகைத் திருகப் போவோம்; அது துருவேறி அசையாது. நிறைந்த ஏரியைப் பார்க்க விரும்புகிறவர்கள் பல்லாண்டுகளாக அதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். பல இடங்களில் கரைக்கு அடியில் நீரை வடிக்கும் அடிக்குழாயே நெளிதகட்டு இரும்பு. அது துருப்பிடித்து ஓட்டையாகி, சுற்றியுள்ள மண்ணை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்.

ஜார்ஜியாவில் எங்கள் தொழிலுக்குச் சட்டம் வந்ததே ஒரு துயரத்துக்குப் பிறகுதான். டொக்கோவா அருவிக்கு மேலே இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை 1957 வரை சிறு மின்நிலையத்துக்கு உதவியது. அதன்பின் வெறும் பொழுதுபோக்கு ஏரி. பின்சரிவு மிகச் செங்குத்து, மேலெல்லாம் மரங்கள். 1977 நவம்பர் 6 பின்னிரவில், ஊர் உறங்கும் நேரத்தில், அது உடைந்து கீழேயிருந்த கல்லூரி வளாகத்துக்குள் பாய்ந்தது. குழந்தைகள் உட்பட 39 பேர் மாண்டார்கள். அப்போதைய அதிபர் கார்ட்டர் ஜார்ஜியாக்காரர். நாடு முழுவதும் அபாயமான அணைகளைச் சோதிக்க உத்தரவிட்டார். ராணுவப் பொறியியல் பிரிவு சோதித்த சுமார் 8,800 அணைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று பாதுகாப்பற்றது என்று தெரிந்தது. 1978இல் ஜார்ஜியா தன் சட்டத்தை இயற்றியது. பக்கத்து மாநிலமான அலபாமா அதன்பிறகும் பல பத்தாண்டுகள் அணைப் பாதுகாப்புக்கென ஒரு திட்டமே இல்லாமல் இருந்தது.

ஜார்ஜியாவின் சட்டம் 25 அடி உயரத்தையோ 100 ஏக்கர்-அடிக் கொள்ளளவையோ (ஓர் ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி) எட்டும் அணையைக் கணக்கில் எடுக்கிறது. உடைந்தால் உயிர்ச்சேதம் நேரும் என்றால் அது முதல் வகை. அதற்கு அனுமதியும் தொடர்ந்த சோதனையும் கட்டாயம். மற்றவை இரண்டாம் வகை. கரை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் இந்த வகை மாறாது; கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பதே அதை முடிவு செய்கிறது.

இங்கே இந்தியச் சட்டத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்குப் பொருந்தும். 10 முதல் 15 மீட்டர் வரை என்றால் 500 மீட்டர் நீளம், பத்து லட்சம் கன மீட்டர் கொள்ளளவு போன்ற நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்த வேண்டும். கெல்லி பார்ன்ஸ் ஏறத்தாழ 12 மீட்டர் உயரம், 120 மீட்டர் நீளம்; உடைந்தபோது அதில் இருந்தது எட்டு லட்சம் கன மீட்டருக்கும் குறைவான நீர். அடித்தளச் சிக்கலோ அசாதாரண வடிவமைப்போ இருப்பதாகச் சொன்னால் ஒழிய, 39 உயிர்களைக் கொண்டுபோன அந்த அணை நம் சட்டத்தின் வலைக்குள் சிக்காது. அணையின் அளவை மட்டும் பார்ப்பது போதாது. கீழே இருக்கும் வீடுகளையும் எண்ண வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஜார்ஜியாவின் முறையிலும் ஓர் அநியாயம் இருக்கிறது. அந்த ஆசிரியரின் சங்கத்து அணை முன்பு இரண்டாம் வகையில் இருந்தது. அணைக்குக் கீழே, ஓடையை ஒட்டி, வேறொருவர் புது வீடுகள் கட்டி விற்றார். சங்கம் ஒரு கல்லைக்கூட அசைக்கவில்லை. ஆனாலும் அணை முதல் வகைக்கு ஏறிவிட்டது. இனிக் கலிங்கை அகலப்படுத்த வேண்டும், அடிக்குழாயை மாற்ற வேண்டும். செலவு முழுவதும் மேலே இருக்கும் சில டஜன் குடும்பங்களுக்கு. வருமானம் இல்லாத ஏரிக்கு வங்கி கடன் தரத் தயங்குகிறது. கட்டட அனுமதி தரும் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) நிர்வாகம், அணை உடைந்தால் நீர் பாயும் எல்லையை முதலில் பார்த்திருக்க வேண்டும். வீடு கட்டி விற்றவரிடம் செலவில் ஒரு பங்கை வாங்கியிருக்க வேண்டும்.

அவசரகாலத் திட்டம் தயாரிக்கத் தொலைபேசி எண்கள் வேண்டியிருந்ததால் அந்தப் புது வீடுகளுக்குப் போனேன். மேலே ஓர் அணை இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்த ஒரு பெண், “இதை வீடு வாங்கும்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லையே” என்றார். அவரையும் அண்டை வீட்டாரையும் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு அழைக்கும்படி தலைவரிடம் சொன்னேன். அவர் அழைத்தார். அவர்கள் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அந்தக் கூட்டத்தில்தான், இரண்டு முறை தோற்றிருந்த தீர்மானம், ஏரியைப் பாதி வடித்து மதகைப் பழுதுபார்க்கும் தீர்மானம், நிறைவேறியது. மரங்களைப் பற்றிய முடிவை மட்டும் வசந்தத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.