அவர் பேசி முடிக்கட்டும்

உரையாடலில் ஒருவர் நிறுத்தியதும் மற்றவர் தொடங்கச் சராசரியாக ஆகும் நேரம், ஒரு நொடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் ஒரு சொல்லை மனத்தில் தயாரிக்கவே அரை நொடிக்கு மேல் வேண்டும். எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே நம் பதில் உருவாகிவிடுகிறது என்பதே இதன் பொருள்.

அறிமுகமில்லாதவர் முன் பதற்றப்படுபவருக்கு இதுதான் கடினம். பாதி மனம் கேட்கிறது. மீதி மனம் 'தவறாகச் சொல்லிவிடுவேனோ' என்று தன்னையே கண்காணிக்கிறது. அதற்குள் பேசும் வாய்ப்பு கைமாறிவிடுகிறது.

இதில் பாலினமும் சேர்கிறது. 1975இல் அமெரிக்காவில் சமூகவியலாளர்கள் ஜிம்மர்மனும் வெஸ்டும் ஆணும் பெண்ணும் பேசிய 11 உரையாடல்களை ஆராய்ந்தார்கள். குறுக்கீடுகள் 48, அவற்றில் 46 ஆண்களுடையவை! சிறிய ஆய்வுதான். பின்வந்த ஆய்வுகளில் ஆண் பெண் வேறுபாடு இவ்வளவு பெரிதாக இல்லை. குறுக்கே பேசுவதெல்லாம் பேச்சைப் பறிப்பதும் இல்லை, சில நேரம் அது ஊக்கம். இருந்தும் அந்த 46 என்னை உறுத்துகிறது. பதற்றத்தால் பேச்சிழந்த பெண்ணை அடக்கமானவள் என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவள் சொல்ல வந்தது என்ன என்று யாரும் திரும்பக் கேட்பதில்லை.

நேர்முகத் தேர்வு நடத்தும் நண்பர்களே, பதில் வரத் தாமதமானால் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். இரண்டு நொடி கூடுதலாகக் காத்திருங்கள்.