பள்ளிக்குப் பூட்டு, பதிவேட்டுக்கு இல்லை

2023 மார்ச்சில் ஹெச்3என்2 காய்ச்சல் பரவியபோது புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை 16-ஆம் தேதி முதல் 26 வரை விடுமுறை. கொரோனாவில் மாதக்கணக்கு. இரண்டிலும் பள்ளிகளின் முதல் வேலை வாட்ஸ்அப் குரூப் தொடங்கி, பாடத்தைத் தள்ளிவிட்டு, நீல டிக் எண்ணுவதுதான். டிக் விழுவது அப்பா போனில் திறந்ததற்கு. பிள்ளை பார்த்ததா என்பது வேறு கணக்கு.

குரூப் அறிவிப்புக்கு மட்டும் போதும். பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் வேண்டும். 40 பேர் வகுப்பை ஐந்து ஆசிரியர்கள் எட்டெட்டாகப் பிரித்துக்கொண்டால், பிள்ளைக்கு ஐந்து நிமிடம், வாரம் இரண்டு முறை: ஓர் ஆசிரியருக்கு வாரம் 80 நிமிடம். ஆசிரியரை இடையில் மாற்ற வேண்டாம். மூன்றாவது போனில்தான் பல பிள்ளைகள் வாயே திறக்கும்.

பதிவேட்டில் இரண்டு கட்டம் கூட்டுங்கள்: போன் யாருடையது, எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கும். தேவனாம்பட்டினம் மாதிரி மீனவர் குப்பங்களில் போன் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். காலை பத்து மணி ஆன்லைன் வகுப்பு அந்தப் பிள்ளைக்கு ஆப்சென்ட்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர் வீட்டில் அப்போது பகலிலும் போன் கிடைக்கும், ஆனால் வருமானம் இருக்காது. ரீசார்ஜ் தீர்ந்ததால் காணாமல் போகிறவரைப் படிப்பில் ஆர்வமில்லாதவர் என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு முறை எடுக்கவில்லையா, பக்கத்து வீட்டு நம்பர். அதுவும் இல்லையென்றால், நோய்க்கட்டுப்பாடு அனுமதித்தால், யாராவது நேரில் போய் வாசலில் நின்று பேசிவிட்டு வரட்டும்.

முதல் கேள்வி “ஹோம்வொர்க் முடிச்சியா?” என்று இருந்தால் அடுத்த முறை போன் அம்மா கையோடு நின்றுவிடும். “இன்னைக்கு என்ன சாப்பிட்ட? ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கின?” இந்த இரண்டுமே நிறையச் சொல்லும். ஒரே அறை வீட்டில் ஸ்பீக்கரில் பேசும் பிள்ளை எதைக் கேட்டாலும் “நல்லா இருக்கேன் மிஸ்” என்றுதான் சொல்லும். அதற்கு, ஆமாம் இல்லை என்று முடிகிற மாதிரி கேளுங்கள்: “பயமா இருக்கா? தனியா பேசணுமா?”

தூக்கம், சாப்பாடு, பேச்சு மூன்றும் இரண்டு வாரமாகக் குறைந்தே இருந்தால் பெற்றோரிடம் பேசி அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிட வையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். வீட்டிலேயே அடி, மிரட்டல் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. சாக வேண்டும் என்கிற பேச்சு வந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்: பிள்ளையைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனை.

பள்ளி திறந்த பிறகுதான் சிக்கலே. காய்ச்சல் வந்துபோன பிள்ளையின் பக்கத்தில் பெஞ்சு காலியாகிவிடும். அதனால் முதல் நாள் எல்லோர் இடத்தையுமே மாற்றி உட்கார வையுங்கள், காலி பெஞ்சு கண்ணில் படாது. யாருக்கு நோய் வந்தது, யார் வீட்டில் சாவு என்பதை வகுப்பில் கேட்க வேண்டாம். அப்பா இறந்த பிள்ளை இருக்கும் வகுப்பில் “அப்பா கையெழுத்து வாங்கிட்டு வா” என்று வாய் தவறிச் சொல்வது சாதாரணமாக நடக்கிறது. “வீட்டில் பெரியவர் கையெழுத்து” என்று படிவத்திலேயே மாற்றி அச்சடித்துவிடுங்கள்.