எதிரில் கம்பு வரும்போது: சிலம்பப் பயிற்சியின் இரண்டாம் கட்டம்

தனியாகக் கம்பு சுற்றிய வரையில் சிலம்பம் எனக்கு மகிழ்ச்சியை மட்டுமே தந்தது. தை பிறந்ததும் ஆசான் எங்களை இணை இணையாக நிறுத்தினார். எதிரில் ஓர் ஆள், அவர் கையிலும் ஒரு கம்பு. அதன்பின் நடந்தவற்றைக் குறித்து வைத்திருக்கிறேன். நாற்பது வயதுக்குப் பிறகு கற்கத் தொடங்கும் வேறு யாருக்காவது உதவும்.

கிருஷ்ணகிரியில், கோட்டை மலை கண்ணில் படும் ஒரு மைதானத்தில் காலை ஐந்தரைக்குப் பயிற்சி. வருபவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். அவர்களுக்குத் தெளிவான இலக்கு இருக்கிறது. அரசு வேலைக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்துவிட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றதையும் அவர்கள் பெருமையோடு சொல்வார்கள். அந்த இலக்குதான் அவர்களை இருட்டோடு எழுப்பி அழைத்து வருகிறது. ஆனாலும் கம்பு முகத்துக்கு நேரே வரும்போது அவர்களும் என்னைப் போலவே கண்ணை மூடுகிறார்கள். ஊக்கத்தைக் கூட்டினால் அச்சம் தானாகக் குறையும் என்பார்கள். மைதானத்தில் நான் பார்த்த வரையில் அப்படி நடப்பதில்லை.

மாசி

ஆசான் கம்பின் நுனியில் துணி சுற்றி, குழைத்த திருநீற்றில் தோய்த்துக் கொடுக்கிறார். பட்ட இடத்தில் வெள்ளைத் தடம் விழும். வீட்டுக்கு வந்து கறுப்புச் சட்டையை விரித்துப் பார்த்தால் அன்றைய பாடம் முழுவதும் அதில் இருக்கிறது. என் சட்டையில் தடங்கள் எல்லாம் இடது தோளிலும் மேல்கையிலும்தான். நெஞ்சுப் பக்கம் ஒன்றும் இல்லை. கம்பு வரும்போது முகத்தை வலப்புறம் திருப்பி, உடம்பைப் பின்னால் இழுத்துக்கொள்கிறேன். இடது தோள் மட்டும் அங்கேயே நின்று அடியை வாங்குகிறது.

அந்த ஒரு நொடியில் உடம்பு செய்யும் மற்ற வேலைகளையும் கவனித்தேன். மூச்சு நிற்கிறது. தோள்கள் காதை நோக்கி ஏறுகின்றன. எடை குதிகாலுக்குப் போகிறது. பிடி இறுகிவிடுவதால் மணிக்கட்டு திரும்பாமல் வீச்சு பாதியில் செத்துப்போகிறது. அட்ரினலின் சுரந்து இதயம் விரைவதும் கண் தானாக மூடிக்கொள்வதும் கோழைத்தனத்தின் அடையாளங்கள் என்று நான் நினைக்கவில்லை. கண்ணைக் காப்பது உடம்பின் கடமை, அதை அது சரியாகச் செய்கிறது. அந்தக் கடமையை வேறு வழியில் செய்ய அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

பங்குனி

பெரியவர்களில் இருவர் நின்றுவிட்டார்கள். ஒருவருக்கு வேலைப்பளு, மற்றவருக்கு முழங்கால் வலி. இரண்டும் உண்மைதான். ஆனால் அதே முழங்காலோடு அவர் தனி வீச்சுக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தார். எனக்கும் இணைப் பயிற்சிக்கு முந்தைய இரவில்தான் தலைவலியும் அவசர வேலையும் வந்து சேர்கின்றன. ஆர்வம் போய்விட்டது என்று நாம் சொல்லும் இடங்களில் பெரும்பாலும் அச்சம்தான் உட்கார்ந்திருக்கிறது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். ஆர்வம் இல்லை என்று சொல்லிக்கொண்டால் விலகுவது எளிதாகிவிடுகிறது. அச்சம் என்று சொல்லிவிட்டால் அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்க முடிகிறது. ஆசானிடம் கேட்டேன்.

“நுனியைப் பார்க்காதீர்கள் அம்மா, தோளைப் பாருங்கள். கம்பு கிளம்புவதற்கு முன்னால் தோள் கிளம்பிவிடும்” என்றார்.

இதற்குக் காரணம் இருக்கிறது. கண்ணால் ஒன்றைக் கண்டு கை அசையத் தொடங்கவே ஏறத்தாழ கால் நொடி ஆகிறது. பக்கத்தில் இருந்து வரும் நுனிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. நுனியையே பார்த்துக்கொண்டிருப்பவர் எப்போதும் பிந்தித்தான் அசைவார்.

வைகாசி

இந்த ஆண்டு நான் கற்றதில் மிகப் பெரியது இதுதான். அடிக்கம்பைப் பிடித்துச் சுழற்றும்போது நுனி ஓடும் வேகத்தில் பாதிதான் நடுக்கம்புக்கு. கைக்கு அருகே போகப் போக இன்னும் குறைவு. அச்சத்தில் நான் எடுத்துவைக்கும் அரையடிப் பின்வாங்கல், முழுவேகத்தில் நுனி கடக்கும் இடத்திலேயே என்னைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. அங்கே நிற்பதைவிட மோசமான இடம் வட்டத்துக்குள் வேறு இல்லை. ஒன்று, முழுதாக எட்டாத தூரத்துக்கு விலக வேண்டும். அல்லது கம்பைக் குறுக்கே நிறுத்திக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும்.

அறிவுக்கு இது ஒரு நிமிடத்தில் புரிந்தது. காலுக்குப் புரிய வாரங்கள் ஆயின. என் இணை ஒன்பதாம் வகுப்புப் பெண். “அக்கா, மெதுவாகச் சுற்றுகிறேன், நீங்கள் நுழையுங்கள்” என்று அவளாகவே சொன்னாள். வேகத்தைப் பாதியாக்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். கண் மூடினால் அந்த வேகத்திலேயே நிற்போம், கூட்ட மாட்டோம். நுழையும்போது வாயால் மூச்சை ஊதி வெளியே விட்டால் தோள் இறங்குகிறது, பிடியும் தளர்கிறது. இதை அவளுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

ஆனி, ஆடி

மாங்கூழ் ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். பெங்களூரா காய் லாரிகள் வரிசையில் நிற்கும் காலத்தில் மைதானத்துக்குப் போக முடியாது. மொட்டை மாடிக் கம்பியில் துணிப்பந்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, முகத்தை நோக்கி ஆட்டிவிட்டுக் கண்ணைத் திறந்தபடி விலகப் பழகினேன்.

ஆவணி

ஒரு விடுமுறை நாளில் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்க்கப் போனேன். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. ஆநிரை மீட்கப் போய் இறந்தவர்களும் புலியோடு போராடி மாண்டவர்களும் வாளும் வில்லும் ஏந்தியபடி கல்லில் நிற்கிறார்கள். இவர்களுக்கு அச்சமே இருந்திருக்காது என்று பக்கத்தில் ஒருவர் தம் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர்களுடைய இதயமும் விரைந்துதான் இருக்கும். ஆனால் ஓட்டிப்போகப்பட்ட மாடுகள் கண்ணெதிரே இருந்தன, செய்ய வேண்டியது என்ன என்பது தெரிந்திருந்தது.

என் முன்னால் அப்படிப் பெரிய காரணம் எதுவும் இல்லை. பதக்கமோ வேலையோ எனக்கு இல்லை. ஆகவே ஒவ்வொரு இணைப் பயிற்சி நாளுக்கும் ஒரே ஒரு சிறிய வேலையை முதல்நாள் இரவே எழுதிவைக்கிறேன். “நாளை பிடி இறுகக் கூடாது.” “நாளை இடப்பக்க வீச்சுக்கு மட்டும் உள்ளே நுழைய வேண்டும்.” இந்த அளவு ஊக்கம் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. தலைவலியும் முன்போல் வருவதில்லை.

கார்த்திகை

சட்டையில் தடங்கள் குறையவில்லை, இடம் மாறியிருக்கின்றன. இப்போது பாதி நெஞ்சுப் பக்கம் விழுகின்றன. முகத்தைத் திருப்பாமல் நேரே நிற்கிறேன் என்பதற்கு அதுவே சான்று என்று ஆசான் சொன்னார். அடியின்போது இன்னும் இதயம் அடித்துக்கொள்கிறது, கண் திறந்திருக்கிறது.

அடுத்த மாதம் முதல் எனக்கு எதிரில் நிற்கப்போகிறவர் ஆறடி உயர இளைஞர். கம்பை அவரவர் உயரத்துக்கு ஏற்பத்தான் வெட்டுகிறோம், ஆகவே அவருடைய கம்பும் நீளம். இதுவரை பழகிய தூரம் எதுவும் அவரிடம் செல்லாது. மீண்டும் பாதி வேகத்தில் இருந்து தொடங்கலாம் என்று அவரிடம் பேசியிருக்கிறேன். சரி என்றார்.