இந்தியாவுக்கு ஆடியாச்சு, சான்றிதழை ஏற்க வைக்கத்தான் உயிர் போனது

ஜூனியர் இந்திய ஹாக்கி அணிக்கு ஆடியவன் நான். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கான உத்தரவு போன வாரம்தான் கைக்கு வந்தது. மாவட்ட அணி, மாநில அணி, தேசிய கேம்ப், வெளிநாட்டு டூர் எல்லாம் எப்படிப் போகும் என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியும். அதை விடுங்கள். டர்ஃப் மைதானத்தில் பட்டதைவிட சான்றிதழ் சரிபார்க்கும் கவுண்டரில் பட்ட பாடுதான் பெரிது.

மத்திய அரசு வேலைகளுக்கு, எந்த மட்டத்தில் ஆடினோம் என்று சான்று சொல்லும் நான்கு ஃபார்ம்கள்தான் பேச்சு. நாட்டுக்கு ஆடியவருக்கு 1, மாநிலத்துக்கு நேஷனல்ஸ் ஆடியவருக்கு 2, பல்கலைக்கழக அணிக்கு 3, பள்ளி நேஷனல்ஸுக்கு 4. ஃபார்ம் 1-இல் தேசிய சம்மேளனத்தின் செயலாளர் கையெழுத்து கட்டாயம். கேம்ப்புக்குக் கூப்பிட்ட கடிதம், கோச் எழுதித் தந்த பாராட்டு எதுவும் எடுபடாது. கோவில்பட்டி லட்சுமி அம்மாள் கோப்பையில் நீங்கள் பெரிய பெரிய அணிகளைத் திணறடித்திருக்கலாம். இந்த நான்கில் அதற்கு இடமில்லை. கேம்ப்பில் என் அறையில் இருந்த பையன் கடைசிப் பட்டியலில் விடுபட்டான். அவனுக்கு இன்றும் ஃபார்ம் 2 மட்டும்தான்.

எனக்குச் சிக்கல் பெயரில் வந்தது. நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பா பெயராகி, சர்நேம் கட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும். மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் என்று ஸ்கோர் பட்டியலில் பார்க்கிறோமே, அதே கதை. டூர் ஆடியதற்கு சம்மேளனம் தந்த என் சான்றிதழில் அப்பா பெயர் முன்னாலும் என் பெயர் பின்னாலும் அச்சாகியிருந்தது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் வெறும் இனிஷியல். சரிபார்க்க உட்கார்ந்திருந்தவர் இரண்டையும் அருகருகே வைத்து, பேனா முனையால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போனார். அப்புறம் நிமிர்ந்து, "இது உங்க அப்பா ஆடின மேட்சா தம்பி?" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நோட்டரி அஃபிடவிட் கொண்டுபோனேன், தள்ளிவிட்டார். சம்மேளனத்தில் திருத்தி வாங்கி வா என்றார். அதற்குள் கடைசித் தேதி போய்விடும். கடைசியில் கைகொடுத்தது பாஸ்போர்ட்தான். முதல் பக்கத்தில் சர்நேம், கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர், இரண்டும் ஒன்றே. டூர் தேதிகளுக்குப் பொருந்தும் குடியேற்ற முத்திரையையும் காட்டினேன். அவருக்கு மேலே இருந்த அதிகாரி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இதுக்கா பையனை அலைய விட்டீங்க?" என்று கேட்டார். அந்த ஒரு வரிக்காக எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன், கிட்டத்தட்ட.

இன்னொன்று. ரயில்வேயில் விளம்பரம் வழியாகப் போகிறவர்களுக்கு வயது 18 முதல் 25 வரை, தளர்வு கிடையாது. நடப்பு நிதியாண்டிலும் அதற்கு முந்தைய இரண்டிலும் ஆடியதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். முழங்கால் அடிபட்டு அந்தக் காலம் முழுக்க உட்கார்ந்தால் நீங்கள் முன்பு இந்தியாவுக்கு ஆடியதே கணக்கிலிருந்து போய்விடும். ஆட வைத்துப் பார்க்கும் டிரையலில் 40-க்கு 25 எடுக்காவிட்டால் அடுத்த கட்டத்துக்கே எடுக்க மாட்டார்கள். சாதனைக்கு 50, படிப்புக்கு 10 மதிப்பெண் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

என் டிரையல் சுமுகமாக முடிந்தது, சொல்ல ஒன்றுமில்லை. டூர் முடிந்து விமானம் ஏறும் முன்பே மேனேஜரிடம் சான்றிதழைக் கேட்டு வாங்கி, பெயரின் எழுத்துகளை அங்கேயே நின்று சரிபாருங்கள். பழைய பாஸ்போர்ட் காலாவதியானாலும் தூக்கிப் போடாதீர்கள், முத்திரைகள் அதில்தான் இருக்கின்றன.