நம் புகைப்படக் கிளப் பட்டறைக்கு என்ன தலைப்பு வைக்கலாம்?

"இயற்கைப் புகைப்படம்" என்று பொதுவாக வைத்தால் கூட்டம் வரும், கற்றுக்கொண்டு போக ஒன்றும் இருக்காது. ஒரு பட்டறைக்கு ஒரே சிக்கல் போதும். அரை நாளில், நம் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே செய்து பார்க்க முடியவேண்டும்.

என் முதல் தேர்வு தோவாளை பூச்சந்தை. விடியுமுன்பே போய்விடவேண்டும், முக்காலி வேண்டாம், சுமை தூக்குபவர்களுக்கு இடைஞ்சல். மல்லிகைக் குவியலை ஃபிரேம் நிறைய எடுத்தால் படம் மங்கிச் சாம்பலாக வரும். கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் எதையும் நடுத்தரச் சாம்பலாகவே கணக்கிடுகிறது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, +1 ஸ்டாப் (இரு மடங்கு) கூட்டினால் வெள்ளை திரும்பிவிடும். பக்கத்திலேயே ஆரஞ்சு கேந்தி. அங்கே படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களில் சிவப்பு முதலில் நிரம்பி, இதழின் மடிப்பெல்லாம் அழிந்து வெறும் வண்ணத் திட்டாகிவிடும். மூன்று வண்ணங்களின் ஒளி அளவையும் தனித்தனியே காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்து, எக்ஸ்போஷரை −2/3 ஸ்டாப்புக்குக் குறைக்கவேண்டும். எக்ஸ்போஷர் கற்றுத்தர இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது திற்பரப்பு அருவி. ஓடும் நீர் பட்டுபோல் வர ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்கவேண்டும். ஒளியை 6 ஸ்டாப் குறைக்கும் கருங்கண்ணாடியான என்டி ஃபில்டர் போட்டால் 1/60 நொடி ஷட்டர் நேரம் கிட்டத்தட்ட 1 நொடியாகும். ஃபில்டரை மாட்டுமுன்பே ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள்.

முட்டம் கடற்கரை என்றால் லென்ஸ் துடைப்பதே தனிப் பாடம். உப்பு படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கோட்டிங் கீறிவிடும். முதலில் புளோயரால் ஊதி, பிறகு லென்ஸ் திரவம் நனைத்த துணி.