மோத்தாக்களைத் தேடி ஒரு பதிவேட்டு அலைச்சல்

குடும்பப் பெயரின் பூர்வீகம் தேடக் கிளம்புகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இணையத்தில் கிடைக்கும் உலக வரைபடங்களை நம்பி ஒரு முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். என் பெயருக்குப் பின்னால் இருப்பது மோத்தா. தூத்துக்குடிக்காரர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை, பர்னாந்து, ரோச், கொரைரா, மச்சாது, வாஸ் என்று போகும் வரிசையில் இதுவும் ஒன்று. பரதவர் சாதித் தலைவர் குடும்பத்தின் நீளமான பெயர்களில்கூட மோத்தா வாஸ் என்று வரும். ஆனால் மதுரையைத் தாண்டிவிட்டால் போதும், குஜராத்தியா என்பார்கள், ஆங்கிலோ இந்தியரா என்பார்கள். இல்லைங்க, நாங்கள் தூத்துக்குடிக் கடற்கரையான முத்துக்குளித்துறைப் பரதவர், பெயர் மட்டும்தான் போர்ச்சுகீசியம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. 1530களில் எங்கள் ஆட்கள் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றபோது ஞானத்தகப்பனாக (ஞானஸ்நானத்தில் பொறுப்பேற்று நிற்பவர்) நின்ற போர்ச்சுகீசியரின் பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். ரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு. பர்னாந்து வீட்டுக்கு வீடு இருக்கிறது, மோத்தா ஏன் இவ்வளவு கொஞ்சம்? இருக்கிற கொஞ்சம் பேரும் எங்கெங்கே போனார்கள்?

குடும்பப் பெயர் போட்டால் உலக வரைபடம் காட்டும் தளங்கள் சில இருக்கின்றன. அதில் போட்டுப் பார்த்தால் தென்னாப்பிரிக்கா பளிச்சென்று எரிகிறது. ஒரு நிமிடம் எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது, நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குப் போன கப்பலில் நம் ஆள் யாரோ ஏறியிருக்கிறார் என்று. கொஞ்சம் தோண்டினால் விஷயம் வேறு. அங்கே ஆப்பிரிக்க மக்களிடம் இதே ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு குலப்பெயர் இருக்கிறது, அதற்கும் நமக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தளத்துக்கு அது எப்படித் தெரியும்? எழுத்து ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்று என்று வண்ணம் பூசிவிடுகிறது. அதே பக்கத்தில் உங்கள் குலச்சின்னம் பொறித்த காபிக் கோப்பை வாங்குங்கள் என்று விளம்பரம் வேறு.

போர்ச்சுகலில் இந்தப் பெயர் சர்வ சாதாரணம். 1978-இல் பிரதமரானவர் பெயரே கார்லோஸ் மோத்தா பிந்தோ. ஆனால் அவர்கள் எழுதும்போது ‘எச்’ (H) வராது, வெறும் ‘டி’ (T) தான். பிரேசிலில் சிலர் இரண்டு ‘டி’ போடுகிறார்கள். நம்முடையதில் மட்டும் ‘டி’க்குப் பின்னால் ஒரு ‘எச்’ நிற்கிறது. போர்ச்சுகீசியர் உச்சரிப்பில் அது ‘த’ மாதிரிதான் ஒலிக்கும். தமிழில் அதை மோத்தா என்று எழுதிவிட்டோம், பிறகு வெள்ளைக்காரன் காலத்தில் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனபோது முத்து, தூத்துக்குடிக்கெல்லாம் போடுகிற அதே ‘எச்’ இதற்கும் விழுந்துவிட்டது என்பது என் கணிப்பு. ஆக, ஆப்பிரிக்காவைக் கழித்துவிட்டால் அந்த ‘எச்’ இருக்கும் இடத்தில் தமிழ் எழுத்து வழியாகப் போன ஆட்கள் இருக்கலாம். இது தெரிந்த பிறகுதான் எனக்குத் தேடலே பிடிபட்டது. உங்கள் பெயரிலும் இப்படி ஒரு கோணல் எழுத்து இருந்தால் அதை விடாதீர்கள், திருத்தி ‘சரியான’ எழுத்தில் தேடினால் லட்சம் பேர் வந்து நிற்பார்கள், ஒருவரும் நம்மவராக இருக்க மாட்டார்.

அந்தத் தளங்களில் தமிழ்நாடு கிட்டத்தட்ட இருட்டாகவே இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. நம் வாக்காளர் பட்டியலில் குடும்பப் பெயர் என்று தனிப் பத்தியே கிடையாது. ஒருவர் மோத்தாவைப் பெயரோடு சேர்த்திருப்பார், இன்னொருவர் இனிஷியலாகச் சுருக்கியிருப்பார், மூன்றாமவருக்கு அது தந்தை பெயர்ப் பத்தியில் மட்டும் வரும். போதாததற்குத் தட்டச்சு செய்தவரின் கைவண்ணம்: மோதா, மோட்டா, மோத்தோ. பட்டியல் கோப்புகள் படமாக இருப்பதால் தேடவும் முடியாது, கண்ணால் ஒவ்வொரு பக்கமாக உருட்ட வேண்டும். வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்காக 2002, 2005 பட்டியல்களை இணையத்தில் போட்டார்கள் இல்லையா, அதில் கடற்கரை வார்டுகளாகப் பார்த்து உருட்டினேன். தூத்துக்குடி நகரத்துக்குள் இருக்கிறார்கள். வேம்பாறு, வைப்பாறு, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டணம், திருச்செந்தூர், மணப்பாடு என்று மீதி கடல்துறைகளில் ஆங்காங்கே தென்படுகிறார்கள். கண் போனதுதான் மிச்சம்.

சரி, கோயில் பதிவேடுதான் வழி என்று இறங்கினேன். என்னுடைய, அப்பாவுடைய ஞானஸ்நானச் சான்றுகள் கேட்டதும் கிடைத்தன. தாத்தாவில் வந்து நின்றது.

தாத்தா பிறந்த ஊர்ப் பங்கின் (ஒரு சாமியார் பொறுப்பில் இருக்கும் கோயில் வட்டாரம்) பெயரைச் சொல்லப் போவதில்லை. கணக்கப்பிள்ளை ஒருவர் இருந்தார். எந்த வருஷம் என்று கேட்டார், 1900 வாக்கில் இருக்கும் என்றேன்.

“வாக்கில்னா எப்படித் தம்பி? தேதி சொல்லுங்க, எடுத்துத் தாறேன்.”

தேதி தெரிந்தால் நான் ஏன் சென்னையிலிருந்து ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து வருகிறேன்? தாத்தாவின் தம்பி, தங்கைகள் பெயரையெல்லாம் சொல்லி, ஐந்தாறு வருஷத்துப் பக்கங்களைப் பார்த்தால் போதும் என்று கெஞ்சினேன். கொடியேறிவிட்டது, திருவிழா முடியட்டும் என்றார். திருவிழா முடிந்து போனால் அலமாரிச் சாவி உதவிப் பங்குச் சாமியாரிடம், அவர் தியானத்துக்குப் போய்விட்டார். ஊருக்குப் போகும் முன் போன் பண்ணினேனே என்றால், போனில் இதையெல்லாம் கேட்டால் யார் சொல்வார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். அப்புறம் சொன்னார், வெளியூர் ஆட்கள் பழைய புத்தகம் பார்க்க வேண்டுமென்றால் சொந்தப் பங்குச் சாமியாரின் கடிதம் வேண்டும் என்று. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். சென்னையில் எங்கள் பங்கில் கடிதம் வாங்கிக்கொண்டு போனேன், முகப்புத் தாள், கையெழுத்து எல்லாம் சுத்தமாக இருந்தது. புரட்டிப் பார்த்துவிட்டு “இதுல சீல் இல்லையே” என்றார். சீல்! கிணற்றுக்குப் பக்கத்திலேயே நிற்கவைத்து வாளியை ஒளித்து வைத்த மாதிரி. எதிரில் அலமாரி, கண்ணாடிக் கதவுக்குள் தோல் அட்டைப் புத்தகங்கள் தெரிகின்றன, நான் ரயிலேறித் திரும்பி வருகிறேன்.

முத்திரையோடு போன பிறகு ஃபாதரே நேரில் இருந்தார், நல்ல மனுஷன், உட்கார இடம் கொடுத்துப் புத்தகத்தை எடுத்து முன்னால் வைத்துவிட்டார். அப்போதுதான் அடுத்த இடி. பின்னால் இருக்கும் அகரவரிசை குடும்பப் பெயருக்கானது இல்லை, ஞானஸ்நானப் பெயருக்கானது. அந்தோணி, சவேரியார், மிக்கேல், மரியாள் என்று ஊரே அதற்குள் அடங்கிவிடும். பெயரெல்லாம் லத்தீனில் வேறு, சவேரியார் பிரான்சிஸ்குஸ் சவேரியுஸ் ஆகியிருப்பார். பாதிப் பதிவுகளில் குடும்பப் பெயரே இல்லை, தகப்பன் பெயரோடு நிறுத்திவிட்டார்கள். வரிவரியாகப் படித்தேன், மோத்தா என்று ஒரு வரி வரவில்லை. “நாந்தான் சொன்னேனே, இந்த ஊர்ல மோத்தா கிடையாது, எல்லாம் பர்னாந்துதான்” என்று கணக்கப்பிள்ளை வெற்றிச் சிரிப்போடு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எங்கே, அதை அவர் சொல்லவே இல்லை.

காப்பாற்றியது என் அத்தை. விஷயத்தைக் கேட்டுவிட்டு “நம்ம ஆளுக கோவா சாமியார் கோயில்லடா, இந்தக் கோயில்ல ஏன் தேடுற?” என்றார். இவரிடம் முதலில் கேட்டிருந்தால் ரயில் காசு மிஞ்சியிருக்கும் என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது.

முத்துக்குளித்துறையில் வேர் தேடுபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். போர்ச்சுகல் அரசரின் ஆதரவுரிமையின் (ஆயர், சாமியார் நியமனத்தில் அரசருக்கு இருந்த உரிமை) கீழ் கோவாவிலிருந்து வந்த சாமியார்கள் ஒரு பக்கம். 1838-இல் போப்பாண்டவர் அந்த உரிமையை வெட்டிவிட்டு ரோமின் நேரடி அதிகாரத்தில் மறைபரப்பாளர்களை நியமித்தார், மதுரை மிஷனுக்குப் பிரெஞ்சு இயேசு சபையார் வந்தார்கள். கோவாக்காரர்கள் ஒதுங்கவில்லை. விளைவு, ஒரே கடற்கரையில் இரண்டு அதிகாரம், இரண்டு கட்சி, சில ஊர்களில் இரண்டு கோயில், இரண்டு கல்லறைத் தோட்டம். இந்தச் சண்டை 20ஆம் நூற்றாண்டு வரைக்கும் ஓடியது. 1923-இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உண்டாகி திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயராக வந்தார். இப்போது எல்லாம் ஒரே மறைமாவட்டம்தான், ஆனால் நான் பார்த்தவரையில் புத்தகங்கள் இன்னும் தனித்தனி அலமாரியில்தான் இருக்கின்றன. ஆகவே எங்கே போனாலும் முதல் கேள்வியாக ‘கோவா சாமியார் காலத்துப் புத்தகம் தனியாக இருக்கிறதா’ என்று கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

நானும் கேட்டேன், இருந்தது. போர்ச்சுகீசிய மொழியில், சாய்ந்த கையெழுத்தில், ஓரமெல்லாம் பூச்சி அரித்து. மொழி தெரியாதே என்று பயப்பட வேண்டாம், எல்லாப் பதிவும் ஒரே அச்சில் வார்த்த வாசகம். தேதி, பிள்ளை பெயர், இன்னாரின் முறையான மகன், ஞானத்தகப்பன், ஞானத்தாய், சாமியார் கையெழுத்து, அவ்வளவுதான். பத்துப் பதிவு படித்தால் பதினொன்றாவது தானாக வரும். அதில்தான் தாத்தா இருந்தார், ‘த மோத்தா’ என்று, இரண்டு ‘டி’யோடு, ‘எச்’ இல்லாமல்! அடுத்த தலைமுறைக்குச் சான்று கொடுத்தபோது ஆங்கிலத்தில் ‘எச்’ வந்திருக்கிறது. என் கணிப்பு அந்த இடத்தில் பலித்ததில் எனக்கு வந்த குஷியைச் சொல்லி மாளாது.

ஆனால் உண்மையான புதையல் ஓரத்தில் இருக்கிறது. நே தேமெரே என்ற திருச்சபைச் சட்டம் 1908 ஈஸ்டரிலிருந்து அமலுக்கு வந்தது. அதன்படி ஒருவர் எந்த ஊரில் கல்யாணம் செய்தாலும் அந்தக் கோயில் தகவல் அனுப்ப, ஞானஸ்நானம் பெற்ற கோயிலில் அவருடைய பதிவுக்குப் பக்கத்தில் அதைக் குறித்துவைக்க வேண்டும். யாருக்கு, எந்த ஊரில், எந்தத் தேதியில் என்று. எல்லாக் கோயிலும் ஒழுங்காகச் செய்ததில்லை, செய்த இடத்தில் அந்த ஓரக் குறிப்புகளே குடும்பம் பரவிய வரைபடம். நான் மோத்தா பதிவுகளின் ஓரங்களை மட்டும் வரிசையாக எழுதிக்கொண்டே போனேன். தூத்துக்குடி, தூத்துக்குடி, கொழும்பு, கொச்சி, மறுபடி கொழும்பு, கொழும்பு. தாத்தாவின் அண்ணன் ‘சிலோனுக்குப் போனவர் திரும்பவில்லை’ என்று மட்டுமே வீட்டில் பேச்சு. அவர் பெயருக்குப் பக்கத்தில் பெண்ணின் பெயர், தேதி, கொழும்புக் கோயில் எல்லாம் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை, வ.உ.சி. 1906-இல் கப்பல் கம்பெனி தொடங்கியதே தூத்துக்குடி கொழும்பு வழித்தடத்துக்குத்தானே. எங்கள் ஆட்களுக்குச் சென்னையைவிடக் கொழும்பு பக்கம்.

இலங்கையில் மோத்தா என்றால் இன்றைக்கும் ஜெல்லிப் பொட்டலம்தான் ஞாபகம் வரும், அந்தப் பெயரில் தின்பண்டக் கம்பெனி இருக்கிறது, ‘எச்’சோடு. கொழும்பு, நீர்கொழும்புப் பக்கம் தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: முத்துக்குளித்துறையிலிருந்து போனவர்களை அங்கே பரதர் என்கிறார்கள், 2001 கணக்கெடுப்பிலிருந்து தனி இனப் பிரிவாகவே எண்ணுகிறார்கள். தமிழர் என்ற தலைப்பில் தேடினால் பாதிப் பேர் தப்பிவிடுவார்கள்.

சில்லறை விஷயங்கள் சில. போனில் படம் எடுக்க விடமாட்டார்கள், அதற்காகச் சண்டை போடாதீர்கள், பென்சிலும் நோட்டும் கொண்டுபோங்கள். பேனாவைப் பார்த்தால் சில சாமியார்களுக்கு முகம் மாறுகிறது, அது நியாயமும்கூட. ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம், கல்யாணம், மந்திரிப்பு, பூசை என்று யாரும் கையில் சிக்க மாட்டார்கள், செவ்வாய், புதன் காலை பரவாயில்லை. கோவாப் பதிவேடுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று நண்பர்கள் சொல்வார்கள், அது கோவாக்காரர்களுக்கு, நான் தேடியவரையில் நம் கரைக்கு ஒன்றும் அகப்படவில்லை. வீட்டுப் பெரியவர்களிடம் எந்த ஊர் என்று மட்டும் கேட்காமல் எந்தக் கோயில், யார் ஞானத்தகப்பன், எந்தக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் என்று கேளுங்கள்.

மோத்தா ஏன் கொஞ்சம் என்ற கேள்விக்கு எனக்குத் தோன்றுவது, ஞானத்தகப்பனாக நின்ற மோத்தாக்கள் கொஞ்சம் என்பதுதான். அந்தக் காலத்துப் புத்தகம் எதுவும் என் கைக்கு வரவில்லை, நான் பார்த்தவற்றில் மிகப் பழையதே 19ஆம் நூற்றாண்டுதான்.

கொழும்புக் கோயிலுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். கல்யாணத் தேதியும் மணப்பெண் பெயரும் சரியாக இருந்தால் எடுத்துத் தருகிறோம், கூடவே உங்கள் பங்குச் சாமியாரின் கடிதம் வேண்டும் என்று மறுவாரமே பதில் வந்துவிட்டது. தேதியும் பெயரும் ஓரக் குறிப்பில் இருந்ததை அப்படியே அனுப்பியாயிற்று. கடிதத்துக்குப் போனபோது ஃபாதர் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளை நீட்டினார், நான் வாங்கவில்லை, மேசை இழுப்பறையிலிருந்து முத்திரையை எடுக்கச் சொல்லி, மை போதாமல் பாதி விழுந்ததை இன்னொரு முறை குத்தச் சொல்லி வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.