ஆலங்காயத்தில் ஒரு டீயும் யுரேனஸின் வளையமும்

காவலூர் வானாய்வகத்தில் சனிக்கிழமை இரவு நட்சத்திரம் பார்க்கலாம் என்று வேலூரிலிருந்து நண்பர்களுடன் கிளம்பிப் போன அன்று, ஜவ்வாது மலை முழுவதையும் மேகம் மூடிக்கொண்டது. ஏமாற்றத்தோடு இறங்கி வந்து ஆலங்காயத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். பள்ளிகளுக்குச் சென்று அறிவியல் பேசும் தோழி ஒருவரும், வானியலில் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரும் உடன் இருந்தார்கள்.

காவலூரின் பெருமைகளில் ஒன்று, 1977 மார்ச் 10 அன்று யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்ததில் அதற்கிருக்கும் பங்கு. அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடக்கவிருந்தது. அங்கிருந்த 1 மீட்டர் தொலைநோக்கி அந்த நட்சத்திரத்தின் ஒளியை அளந்துகொண்டிருந்தபோது, கோள் நெருங்குவதற்கு முன்பே ஒளி சில விநாடிகள் மங்கி மீண்டது. தோழி இதைப் பள்ளிதோறும் சொல்லி வருகிறார். பெரியவரோ நாங்கள் அறியாத பகுதியைச் சொன்னார். காவலூர்க்காரர்கள் அந்த மங்கலுக்குக் காரணம் யுரேனஸின் புதிய துணைக்கோள் என்றே முதலில் கருதி, அப்படியே ஆய்விதழிலும் எழுதினார்கள். வளையம் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தது பிறகுதான்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் கையை நிறுத்தினார். "அப்போ மொதல்ல தப்பாதான் சொன்னாங்களா சார்?"

"ஆமாம்பா. கையில இருந்த கணக்குக்கு அப்போ நிலான்னுதான் தோணுச்சு" என்றார் பெரியவர், சிறிதும் தயங்காமல்.

மேடையில் இந்தப் பேச்சு நடந்திருக்காது. வேலூரில் ஒரு கல்லூரி விழாவில், இப்படித் தவறிய கணிப்பைப் பற்றி நான் கேட்ட கேள்வியை, நேரமில்லை என்று சொல்லித் தலைவர் தடுத்துவிட்டது இன்னும் எனக்கு வருத்தம்தான். முதலில் என்ன நினைத்தார்கள், அது ஏன் பொருந்தவில்லை என்பதைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொன்னால், மாணவருக்கு மனப்பாடம் செய்ய ஒரு வரி கிடைக்குமே தவிர, அந்த முடிவை எட்டிய வழி தெரியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பெரியவர் கடையின் குண்டு பல்பை நட்சத்திரம் என்றார். பிஸ்கட் பாட்டிலின் மூடி யுரேனஸ். மூடிக்கு ஒரு பக்கத்தில் ஒரு ஸ்பூனைப் பிடித்து, இரண்டையும் சேர்த்து மெல்லப் பல்பைக் கடக்கச் செய்தார். நிலா இருந்தால் ஒளி இப்படி ஒரு பக்கத்தில் மட்டும் மறையும் என்றார். அன்று விமானத்திலிருந்து அதே நட்சத்திரத்தைக் கவனித்த அமெரிக்கக் குழுவினரோ, கோளுக்கு முன்பு ஐந்து முறையும் பின்பு ஐந்து முறையும் ஒளி மங்கியதைப் பதிவு செய்திருந்தார்கள்.

மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். துணி கழற்றிய பழைய டீ வடிகட்டியின் கம்பி வளையத்தைக் கொண்டுவந்து, மூடியை அதன் நடுவில் பிடித்து, பல்புக்கு நேராக நகர்த்தினார். கம்பி, மூடி, மறுபடியும் கம்பி.

"வளையம்னா போறப்பவும் மறைக்கணும், வர்றப்பவும் மறைக்கணும். இதானே சார்?"

பெரியவர் எழுந்து அவர் தோளைத் தட்டினார். தோழி அந்தக் கம்பி வளையத்தைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்; திங்கட்கிழமை அவருக்குக் குடியாத்தம் பக்கத்தில் ஒரு பள்ளியில் வகுப்பு இருந்தது.